பெரிய எழுத்து

"திரைதான் சார் செத்துருக்கு, உள்ள உசுரு கெடக்கு" என்கிறாள் செய்யதலி பாத்திமா, லேப்டாப்பைக் காதருகே தூக்கி உள்ளே விசிறி சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை, அவள் நகத்தில் ஒட்டியிருக்கிற ஈயக் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த விரல் அம்மாவின் முகத்தைத் தொடப் போகிறது, என்ன யோசனை இது, அம்மா அதற்குள் இல்லை, ஒரு வீடியோ இருக்கிறது, நாற்பது நொடி, எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் குறுகலான படியேறி வந்தால் இந்தக் கடை, சுவரில் ஒரு பெரிய டிவி, எதிரே ஒரு பெஞ்சு, பெஞ்சில் ஒருவர் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பஸ்ஸில் கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல, நான் வந்ததிலிருந்து என் பையையே பார்க்கிறார், ஜவுளிக்கடைப் பை, அம்மாவின் சேலைகளுக்கு நடுவே தங்கை ஹெப்சி ஒளித்து வைத்திருந்த லேப்டாப்பை அந்தச் சேலை வாசத்தோடு அப்படியே எடுத்து வந்திருக்கிறேன், ஒளித்து என்று ஏன் சொல்கிறேன், சும்மாகூட வைத்திருக்கலாம், இல்லை, ஒளித்துத்தான். எட்டரைக்கு அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற வரை பல் துலக்குகிற சாக்கில் பாத்ரூமுக்குள் நின்றேன், நாற்பத்தெட்டு வயதில், தங்கை வெளியே போகட்டும் என்று. நேராகக் கேட்காமலா இருந்தேன், கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு முதல் வருஷ நினைவு ஆராதனை, கோயில் ஹாலில் பெரிய திரை கட்டுகிறார்கள், என் போனில் இருப்பதைப் போட்டுப் பார்த்தால் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, அனுப்பும்போதே சுருங்கிப்போய் வந்ததாம், மூலம் அதை எடுத்த உன் லேப்டாப்பில் இருக்குமே என்று கேட்டேன், "அது ஒடஞ்சு போச்சுல்லா அண்ணே, உள்ள ஒண்ணும் இருக்காது, போட்டோ போதும்" என்றாள், என்னைப் பார்க்காமல், சாளை மீன் கழுவிக்கொண்டே. போட்டோ போதுமாம். போட்டோ பேசுமா. அந்த வீடியோவில் அம்மா என் பேரைச் சொல்கிறாள், ஊர் பேர், கர்த்தர் பேர், அப்பா பேர் எல்லாம் அவளை விட்டுப் போன பிறகு ஐசக்கு என்று என் பேரைச் சொல்கிறாள், கூடவே கிடந்து குளிப்பாட்டித் துடைத்துவிட்ட மகளை டீச்சர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள், ஆறு வருஷமாக நேரில் பார்க்காத மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், ரத்தம்னா அதுதான் என்று அடக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் நான் சொன்னேன், ஹெப்சி காப்பித் தட்டோடு அங்கேதான் நின்றாள், அவளும் அதே ரத்தம்தான் என்பது சொல்லி முடித்த பிறகு உறைத்தது, உறைத்தும் திருத்தவில்லை, ஒரு காப்பியை எடுத்துக்கொண்டேன்.

கறுப்பு வயர் ஒன்றை லேப்டாப்பில் சொருகி மறுநுனியை டிவியில் சொருகுகிறாள், "இனி டிவிதான் உங்களுக்குத் திரை" என்கிறாள், டிவியில் நீலம் வருகிறது, பிறகு ஹெப்சியின் மேசைத்திரை வருகிறது, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிற படம், மூக்கு ஒழுகுகிற ஒருத்தன் முன்னால், சுவர் அளவுக்குப் பெரிதாக, "பாஸ்வேர்டே இல்லியே சார்" என்று பாத்திமா ஆச்சரியப்படுகிறாள், இல்லைதான், பூட்டி வைக்க அவளிடம் என்ன இருக்கிறது, பள்ளிக்கூடம், கோயில், மீன் மார்க்கெட், அம்மாவின் மூத்திரத்துணி, இவ்வளவையும் யார் திருடப் போகிறார்கள் என்று நினைக்கிறேன், நினைத்தது முகத்தில் சிரிப்பாக வந்துவிட்டதோ என்னவோ, பிரிண்டர்காரரும் பதிலுக்குச் சிரிக்கிறார். திரையின் ஓரத்தில் ஒரு ஃபோல்டர், "அண்ணனுக்கு". அதைத் திறந்தால் உள்ளே இரண்டு, "அனுப்பியது", "எடுத்தது". அனுப்பியது என்கிறேன், கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் என்கிறேன், அந்தத் தேதியெல்லாம் எனக்கு மனப்பாடம், மற்றவர்களின் பிறந்தநாள்தான் மறந்துபோகும், போன வாரம் கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடினேன், அம்மாவுக்கு இந்த மறதி அறுபத்தொன்பதில் ஆரம்பித்தது, எனக்கு இன்னும் இருபத்தொரு வருஷம், கழித்துப் பார்ப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள். டிவி முழுக்க அம்மா. தலை வாரி, பவுடர் போட்டு, மாம்பழக் கலர் சேலையில். "ஐசக்கு. நான் அம்மா பேசுதேன். நான் நல்லா இருக்கேன்யா. நீ வராட்டியும்... பரவாயில்ல. நீ நல்லா இருந்தாச் சரி. அங்க குளிரும்லா. ரெண்டு சட்டையாப் போட்டுக்க." பிறகு அந்தச் சிரிப்பு, முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, பல்செட் இல்லாத வாயோடு, அடிவயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு, அதோடு முடிகிறது. உடையவில்லை, ஒரு கட்டம்கூட உடையவில்லை, கன்னத்து மரு தெரிகிறது, பவுடர் கோடு தெரிகிறது, ஹாலில் எல்லோரும் அழுவார்கள், சித்தி முதல் ஆளாக அழுவாள், நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேச முடியாமல் நிற்பேன், அதற்குள் இந்தப் பிரிண்டர்காரர் தொண்டையைக் கனைத்து, "அம்மாவா சார்? நல்லா வாசிக்காகளே. கண்ணாடி இல்லாம" என்கிறார். வாசிக்கல, பேசுதாங்க என்கிறேன். "அப்படியா, செரி செரி. கண்ணு வரி வரியாப் போவுதே, அதான் கேட்டேன். பத்திர ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்தேன் பாத்துக்கிடுங்க, எழுதுனதை வாசிச்சுக் காட்டுதவங்க மூஞ்சியப் பாத்தே வயசு போயிட்டு. வரி முடிஞ்சா கண்ணு டக்குனு இந்தப் பக்கம் வரும். இவுகளுக்கும் வருது. நான் தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சுக்கிடுங்க."

மடையன், கிழட்டு மடையன், பத்திரம் வாசித்த கண்ணுக்கு எல்லாம் பத்திரம்தான், பாத்திமா மறுபடி போடுங்க என்கிறேன், ஏன் மறுபடி, நான் சரி என்று நிரூபிக்கத்தான், அந்த ஆளுக்காக, நீ வராட்டியும் என்ற இடத்தில் அம்மா ஒரு கணம் நிற்பாளே, அந்தக் கணம் எனக்குத் தெரியும், தொண்டை அடைத்த கணம் அது, மகன் வராத வேதனையை விழுங்குகிற கணம், ஸ்டுட்கார்ட்டில் எத்தனை ராத்திரி அந்த ஒரு கணத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன், அந்த ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இதை எல்லோருக்கும் போட்டுக் காட்டி, நினைவெல்லாம் அழிந்த ஒரு தாயின் வாயில் மிஞ்சிய தமிழ் என்று ஜெர்மனிலும் தமிழிலும் பேசினேன், நாற்பது பேர் கைதட்டினார்கள், ஒரு வெள்ளைக்காரி மூக்கைச் சிந்தினாள். இப்போது ஒரு பெண் சாளரம் அளவுக்குப் பெரிய கண்களோடு சுவரில் இருக்கிறாள், கண் இடமிருந்து வலம் போகிறது, மெதுவாக, உழவு மாடு மாதிரி, வலக் கடைசியில் "வராட்டியும்", பிறகு டக்கென்று இடப்பக்கம் வந்து, "பரவாயில்ல". வரி முடிகிற இடம். தொண்டை அடைத்த இடம் இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அம்மா கோயிலில் இருபது வருஷம் வேத பாடம் வாசித்தவள், பெஞ்சின் முனையில் உட்கார்ந்து அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான், முன்பின் தெரியாத ஒரு ஆள் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நொடியில் பார்த்ததை இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று இருந்திருக்கிறேன், இல்லை, அப்படியெல்லாம் இல்லை, ஹெப்சி ஏதோ இரண்டு வார்த்தை எழுதிக் கொடுத்திருப்பாள், அம்மாவுக்கு ஞாபகம் வரட்டும் என்று, பேர் அம்மா சொன்னதுதான், பேரை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. "எடுத்தது" என்ற ஃபோல்டரைத் திறக்கச் சொல்கிறேன், என் குரல் எனக்கே அதிகாரமாகக் கேட்கிறது, பாத்திமா திரும்பிப் பார்த்துவிட்டுத் திறக்கிறாள், அதே தேதி, ஒரே நாளில் பதினேழு வீடியோ.

முதலாவதில் அம்மா மாம்பழக் கலர் சேலையில் இல்லை, நைட்டியில் இருக்கிறாள், தலை பரட்டையாக, ஹெப்சியின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது, சீப்பு வைத்திருக்கிற கை, "வாசிங்கம்மா" என்கிறது கையின் குரல், அம்மா வாசிக்கிறாள், "ஐசக்கு", வாசித்துவிட்டு நிமிர்ந்து, "யாரு டீச்சர் அது?" "உங்க மகன்." "எனக்கு மகன் கெடையாதே. ஒரே பொட்டப்பிள்ளைதான். ஹெப்சி." கடையில் மேலே ஓடுகிற ஃபேன் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்கிறது, பாத்திமா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைக்கப் போகிறாள், வேண்டாம், இருக்கட்டும் என்கிறேன், ஏன் வேண்டாம் என்கிறேன். நான்காவதில் அம்மா, "எம்மவ எங்க டீச்சர்? பள்ளிக்கூடம் விட்டுருப்பாகல்லா. மழை வருது, பிள்ளை நனைஞ்சிரும்" என்கிறாள், ஹெப்சி, ஹெப்சியிடம் ஹெப்சியைத் தேடுகிற அம்மாவிடம், "வந்துருவா" என்கிறாள். ஏழாவதில் அம்மா "போட்டீ நாயே" என்கிறாள், வேத பாடம் வாசித்த வாய், நான் கேட்டிராத குரல். ஒன்பதாவதில் ஹெப்சி கத்துகிறாள், "ஒருக்கா ஒழுங்கா வாசிச்சுத் தொலையேம்மா, அவன் ஞாயித்துக்கிழமை போன் போட்டு என்னத்தான் ஏசுவான்", கத்திவிட்டு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஏசியிருக்கிறேன். தலை சீவாம எடுத்து அனுப்பியிருக்க, உனக்கு அருவருப்பா இல்லையா, ஒரு நல்ல சேலை இல்லையா வீட்டுல, அம்மா சிரிக்கிற மாதிரி ஒண்ணு அனுப்பத் தெரியாதா, என் பேரைக் கேட்டுப் பாத்தியா, கேட்டியா, நல்லாக் கேளு. எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும், பதினேழு. பதினேழாவதில் சேலை வந்துவிட்டது, பவுடர் வந்துவிட்டது, அனுப்பியதுதான் இது, ஆனால் அனுப்பியதற்கு முன்னால் கொஞ்சம் இருக்கிறது, பின்னால் கொஞ்சம் இருக்கிறது. முன்னால் ஹெப்சியின் குரல், களைத்துப்போய், மெதுவாக, "இதை ஒருக்கா வாசிச்சிருங்கம்மா. வாசிச்சு முடிச்சதும் ஹெப்சி வந்துருவா. இந்தா, வாசல்ல செருப்பு சத்தம் கேக்குது பாருங்க." அம்மாவின் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆகிறது, அவசரமாக வாசிக்கிறாள், ஐசக்கு என்று யாரோ ஒருவனை அழைத்து, அவன் வராவிட்டால் பரவாயில்லை என்று சொல்லி, ரெண்டு சட்டையாப் போட்டுக்க என்ற கடைசி வரியை முடித்து, முகத்தை வலப்பக்கம் திருப்பிச் சிரிக்கிறாள், வலப்பக்கம் எங்கள் வீட்டு வாசல், எத்தனை தடவை பார்த்த சிரிப்பு, என் பர்ஸில் இருக்கிற சிரிப்பு, அதற்குப் பின்னால் வெட்டி எடுத்துவிட்ட துண்டில் அம்மா கேட்கிறாள், "வந்துட்டாளா? ஹெப்சி வந்துட்டாளா?"

பிரிண்டர்காரர் டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நல்ல மனுஷன், அதற்காகவே அவரை வெறுக்கிறேன். "கடைசி ஃபைல் எது" என்று கேட்கிறேன், மார்ச் பதினொன்று, அம்மா இளைத்திருக்கிறாள், வாசிக்கவில்லை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்கிறாள், கடையில் இருக்கிற மூன்று பேரையும், "எம்மவள எங்கட்டி வச்சிருக்க?" என்று கேட்டு டம்ளரை எறிகிறாள், திரை நோக்கி, அம்மாவுக்கு அவ்வளவு பலம் இருந்தது, டீ வழிகிறது, லேப்டாப் திரை செத்தும் அதன் கேமரா மட்டும் நிற்காமல் ஓடுகிறது, ஹெப்சியின் முகம் அருகில் வருகிறது, நாற்பத்து மூன்று வயதில் கிழவி மாதிரி, முந்தானையால் திரையை ஒற்றுகிறாள், "போச்சு" என்கிறாள், பிறகு ஒரு வார்த்தை, "நல்லதாப் போச்சு". தூசி தட்டும்போது விழுந்து உடைந்தது என்றுதான் எனக்குச் சொன்னாள், ஒரு பொருளை ஒழுங்கா வச்சுக்கத் துப்பில்லையா என்றேன், போனில் எடுத்து அனுப்பு என்றேன், அனுப்பவில்லை, நாலு மாதம் என் மேல் உள்ள கோபத்தில் அம்மாவை எனக்குக் காட்டாமல் வைத்திருந்தாள் என்று சித்தியிடம் சொன்னேன், சித்தி ஊருக்குச் சொன்னாள், போன் திரை சின்னது, அதில் எழுதினால் அம்மாவுக்குத் தெரியாது, இவ்வளவுதான் விஷயம். "இதுல ஒரு வேர்ட் ஃபைலும் கெடக்கு சார், கடைசியாத் திறந்ததும் அதே மார்ச் பதினொண்ணுதான்" என்று பாத்திமா அதைக் கிளிக் செய்கிறாள், செய்யாதே என்பதற்குள் டிவி முழுக்க எழுத்து, கறுப்பாக, ஒவ்வொன்றும் ஒரு சாண், ஹெப்சி கரும்பலகையில் எழுதுகிற மாதிரி இடம் விட்டு, ஐசக்கு, நான் அம்மா பேசுதேன். அம்மா எங்கே உட்கார்ந்திருந்தாளோ அங்கே இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு பக்கம், மேலே தள்ளத் தள்ளப் பழைய வாரங்கள் வருகின்றன, ராத்திரி நேரத்தோட தூங்குய்யா, உன் தலை நரைச்சிட்டுன்னு ஹெப்சி சொன்னா, வேலை போனாப் போவுது, நீ கலங்காத, ஆமாம், எனக்கு வேலை பறிபோன சமயம் அம்மா அப்படிச் சொன்னாள், அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன், தாய்க்குத் தெரியும் என்று முடிவு கட்டினேன், இந்த ஹெப்சிக்கு ஒரு கடிதம் ஒழுங்காக எழுத வராது என்று சின்ன வயதில் அவள் நோட்டில் சிவப்பு மையால் திருத்தியவன் நான், இவள் எழுதிய தமிழுக்குத்தான் அந்த நாற்பது பேரும் கைதட்டினார்கள், நானும் அழுதேன். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரி, "ஒருக்கா வந்துட்டுப் போய்யா." அதுவும் எனக்கு வந்தது, அம்மா சொன்னாள், நான் ஹெப்சிக்குப் பதில் எழுதினேன், அம்மாவைத் தூண்டிவிட்டுப் பேச வைக்காதே, அசிங்கம் என்று, தெரியாமல் எழுதினேனா, தெரிந்தா, எனக்கு அவளைக் குத்த வேண்டியிருந்தது, கைக்குக் கிடைத்த கல்லை எறிந்தேன், அது சரியாகப் போய் விழுந்திருக்கிறது, அடுத்த பக்கத்தில், அடுத்த வாரத்தில், நீ வராட்டியும் பரவாயில்ல. அதை அம்மாவின் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு வராமலே இருந்தேன். அடக்கத்துக்குத்தான் வந்தேன்.

போன் அடிக்கிறது, ஹெப்சி, பின்னால் பிள்ளைகளின் இரைச்சல், பதினொரு மணி இடைவேளை, "அண்ணே, எங்க இருக்க, சர்ச் ஐயர் ஆராதனைக்குப் பாட்டு நம்பர் கேட்டு போன் போட்டாரு, நீ எடுக்கலியாம்" என்கிறாள், மார்க்கெட்டில் என்கிறேன், அது பொய்யும் இல்லை, டிவியில் அவள் எழுத்து நிற்கிறது, காதில் அவள் மூச்சு நிற்கிறது, இப்போது சொல்லலாம், பார்த்துவிட்டேன் ஹெப்சி, எல்லாம் பார்த்துவிட்டேன், நாலே வார்த்தை, எனக்கு இரண்டு மொழியில் மன்னிப்புக் கேட்க வரும், நாக்கு அசையத் தொடங்குகிறது, சொன்னால் ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும், ஹாலில் நான் எதைப் போடுவேன், சித்தி என்ன கேட்பாள், பர்ஸில் இருக்கிற சிரிப்பை என்ன செய்வேன், எனக்கு அறுபத்தொன்பது ஆகும்போது பக்கத்தில் இருக்கப்போவது இவள் ஒருத்திதான், அன்றைக்கு எனக்கும் எழுதிக் காட்டுவாள், எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதுவாள், நாக்கு அசைகிறது, வெளியே வருவது வேறு, "ஏட்டி, ஞாயித்துக்கிழமை நான் பேசும்போது அதைச் சொல்லணும்னு இருக்கேன். அம்மா உன்ன மறந்துட்டா, என் பேர மட்டும் கடைசி வரைக்கும் மறக்கல. அப்படித்தான?" பிள்ளைகளின் இரைச்சல். பள்ளிக்கூட மணி அடிக்கிறது. அவள் எதையோ பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி ஒரு கணம், வரி முடிந்து அடுத்த வரிக்குக் கண் வருகிற நேரம். "ஆமாண்ணே" என்கிறாள், "உன் பேர மறக்கவே இல்ல. நீ சொல்லு." வைத்துவிட்டாள். "எதெல்லாம் சார் காப்பி பண்ணணும்?" என்று பாத்திமா கேட்கிறாள், அந்தப் பதினேழாவது மட்டும், மூலத்திலிருந்து எடுங்க, வெட்டினதை விட அதுதான் இன்னும் தெளிவு, மற்றதெல்லாம் அழிச்சிருங்க என்கிறேன். "இதுல அழிச்சா திரும்ப எடுக்க முடியாது சார். தங்கச்சி ஃபைலுன்னீங்க, அவங்கள்ட்ட கேட்டுட்டீங்களா?" "இப்பத்தான கேட்டேன்." அவள் என்னைப் பார்க்கிறாள், பிரிண்டர்காரர் பார்க்கவில்லை. அம்மா மறுபடி டிவிக்கு வருகிறாள், மாம்பழக் கலர் சேலையில், ஐசக்கு என்கிறாள், பரவாயில்ல என்கிறாள், கடைசி வரியை முடித்து வாசல் பக்கம் திரும்புகிறாள். "இதுக்கப்புறம் என்னமோ கேக்காங்களே சார், அது?" "அது வேண்டாம்" என்கிறேன், "சிரிப்போட நிறுத்திருங்க."